இருட்டினதும் கேமரா ரீஸ்டார்ட் ஆகிறது: பூச்சு வேலைக்கு முன் வயரிங்கில் எதை மாற்றணும்?

கேள்வி:
புது வீடு, தரைத்தளமும் முதல் மாடியும். சுவரில் காடி வெட்டி 20 மி.மீ. பிவிசி பைப் பதித்தாச்சு. பத்து நாளில் பூச்சு வேலை தொடங்கும். மொத்தம் 6 ஐ.பி. கேமரா, ரெக்கார்டர் மாடிப்படிக்கு அடியில். சோதனைக்காக வாசல் கேட் கேமராவை மட்டும் மாட்டினோம். கேபிள் 40 மீட்டர், மேலே கேட்-6 (Cat-6, நெட்வொர்க் கேபிள் வகை) என்று அச்சிட்டிருக்கு. 12 வோல்ட் அடாப்டர் ரெக்கார்டர் பக்கம் இருக்கு, ஸ்ப்ளிட்டர் போட்டு அதே கேபிளில் கரண்டும் போகிறது. பகலில் படம் தெளிவு. இருட்டினதும் இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை ரீஸ்டார்ட். கேமராவை மாற்றியும் அதேதான். பெரிய அடாப்டர் போடலாம் என்கிறார் எலக்ட்ரீஷியன். இரண்டு இடத்தில் லைட் வயரும் இதே பைப்பில்தான் வருகிறது. எதையெல்லாம் இப்பவே சரிசெய்யணும்?

பதில் 1:
பெரிய அடாப்டர் உதவாது சார். அடாப்டர் தரும் 12 வோல்ட் கேமரா வரை வந்து சேரலை, அதுதான் கோளாறு. இருட்டினதும் கேமராவுக்குள் இருக்கிற இன்ஃப்ராரெட் எல்.இ.டி. (இரவில் படம் எடுக்க உதவும் விளக்கு) எரியும். பகலில் 0.3 ஆம்பியர் எடுக்கிற கேமரா அப்போ 0.7 வரை கேட்கும். ஸ்ப்ளிட்டரில் கரண்ட் போக இரண்டு கம்பி, வர இரண்டு கம்பிதான். 40 மீட்டருக்கு நல்ல செம்பிலேயே சுமார் 2 வோல்ட் குறையும். கேமரா அணைந்தால் எல்.இ.டி.யும் அணையும், வோல்ட் ஏறும், மறுபடி பூட் ஆகும், மறுபடி விழும்.

கேபிள் அலுமினியத்தில் செம்பு முலாம் பூசின சி.சி.ஏ. வகையோ என்றும் பாருங்க. கம்பியைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாத் தெரியும். மல்டிமீட்டரிலும் பார்க்கலாம்: ஒரு முனையில் ஒரே ஜோடியின் இரண்டு கம்பியையும் முறுக்கிச் சேர்த்து, மறுமுனையில் ஓம் அளக்கணும். 40 மீட்டருக்கு 5 முதல் 7 ஓம் வந்தால் செம்பு. 8-க்கு மேல் போனால் அந்தக் கேபிள் வேண்டாம். வோல்ட்டைக் கேமரா முனையில், எல்.இ.டி. எரியும்போது அளங்க. கேமராவைக் கழற்றிவிட்டு அளந்தால் 12 காட்டி ஏமாற்றும்.

தீர்வு, முழுச் செம்பு கேட்-6 கேபிளும் பி.ஓ.இ. ஸ்விட்சும் (PoE, நெட்வொர்க் கேபிளிலேயே கரண்டும் அனுப்பும் முறை). 802.3ஏஎஃப் (802.3af) என்ற பி.ஓ.இ. வகை ஒரு போர்ட்டில் 15.4 வாட் தரும், 100 மீட்டர் வரை போகும். 48 வோல்ட் அளவில் அனுப்புவதால் ஆம்பியர் நாலில் ஒரு பங்குதான், கம்பியில் வீணாவதும் சொற்பம். 6 கேமராவுக்கு 8 போர்ட், மொத்தத் திறன் 65 வாட்டுக்குக் குறையாமல் வாங்குங்க. சுழலும் கேமரா வைப்பதாயிருந்தால் அந்தப் போர்ட் கூடுதல் வாட் தரும் 802.3ஏடி (802.3at) ஆக இருக்கணும். கேமராவில் பி.ஓ.இ. இல்லையென்றால், 48-ஐ 12 ஆக இறக்கும் ஆக்டிவ் ஸ்ப்ளிட்டரைக் கேமரா பக்கம் வைக்கணும்.

பதில் 2:
முதல் வேலையா லைட் வயரை அந்தப் பைப்பிலிருந்து எடுங்க. இழுக்கும்போது இன்சுலேஷன் கிழிந்தால் மெயின் மின்சாரம் கேமரா கேபிளில் ஏறிவிடும். தனிப் பைப், கூடியவரை ஒரு அடி தள்ளி. குறுக்கே கடக்கணும் என்றால் நேர்க்கோணத்தில் கடக்கட்டும்.

20 மி.மீ. பைப்பில் இரண்டு கேபிள், 25-ல் நாலு. அதற்கு மேல் திணிச்சா வளைவில் சிக்கும். எல்போ வேண்டாம், நீள வளைவு போடுங்க. இரண்டு வளைவுக்கு மேல் வந்தால் நடுவில் ஒரு பாக்ஸ் வைங்க. ஒவ்வொரு கேமராவிலிருந்தும் ரெக்கார்டர் வரை துண்டில்லாத ஒரே கேபிள், சுவருக்குள் ஒட்டு கூடவே கூடாது. ஒவ்வொரு பைப்பிலும் ஒரு நைலான் கயிறு விட்டுவையுங்க. கேட்டுக்கு இரண்டு கேபிள் இழுங்க, பின்னால் டோர் போன் வைக்க உதவும். அந்தப் பைப் மண்ணுக்கடியில் போனால் உள்ளே தண்ணீர் நிற்கும், அதனால் ஜெல் நிரப்பின வெளிப்புறக் கேபிள்தான் போடணும்.

கேட்டவர்:
சுரண்டினேன், உள்ளே வெள்ளை. ஒரு ஜோடி 10 ஓம். இரவில் கேமரா முனையில் 8.5 வோல்ட். கேபிள் முழுவதையும் உருவப்போகிறோம். கேமராவுக்குச் சுவரில் எந்த உயரத்தில் பாக்ஸ் வைக்கணும்?

பதில் 3:
தரையிலிருந்து 2.5 முதல் 3 மீட்டர். அதற்கு மேலே போனால் தலைமுடிதான் பதிவாகும். சன்ஷேடை ஒட்டி வைக்காதீங்க, இன்ஃப்ராரெட் ஒளி அதில் பட்டுத் திரும்பி இரவுப் படம் வெளுத்துப் போகும். 2.8 மி.மீ. லென்ஸ் அகலமாக் காட்டும், ஆனால் 4, 5 மீட்டருக்கு அப்பால் முகம் அடையாளம் தெரியாது. கேட்டுக்கு 4 அல்லது 6 மி.மீ. எடுங்க.

கேமராவின் வால் கனெக்டர் முழுசும் உள்ளே அடங்கும் அளவுக்குப் பாக்ஸ் வேணும். வெளியே தொங்கினால் முதல் மழையிலேயே பச்சை பூத்துவிடும். பைப்பின் வாய் வெளிப்பக்கம் சற்றுச் சரிந்திருக்கட்டும். கேமரா பக்கம் 1 மீட்டர், ரெக்கார்டர் பக்கம் 2 மீட்டர் கூடுதலா விட்டு, இரண்டு முனையிலும் எண் எழுதுங்க.

பூச்சுக்கு முன்னும் பின்னும் கேபிளின் எட்டுக் கம்பியையும் நெட்வொர்க் கேபிள் டெஸ்டரில் பாருங்க. ஆணி அடித்தோ காடி வெட்டியோ கேபிள் அறுபடுவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான். காடி மூடும் முன் ஒவ்வொரு சுவரையும் அளவு டேப் வைத்துப் போட்டோ எடுத்துவையுங்க.