வசனத்தில் பாடம் நடத்தும் கதையை எப்படிச் சரிசெய்வது?

நண்பர்களே, ஒரு யோசனை வேண்டும். என் சித்தி மகள் தனுஷ்கோடிப் புயலை வைத்து ஒரு சிறுகதை எழுதி, திருத்தித் தரச் சொல்லியிருக்கிறாள். தகவல்கள் எல்லாம் சரிதான். ஆனால் நம்பும்படி இல்லை.

ஓர் இடம் சொல்கிறேன். ரயில்வே ஊழியர் சாப்பிட உட்காருகிறார். மனைவி குழம்பு ஊற்றிக்கொண்டே, "இன்று 1964 டிசம்பர் 22. நம் ஊரிலிருந்துதானே தலைமன்னாருக்குக் கப்பல் போகிறது!" என்கிறாள். அந்த ஊர்க்காரருக்கே இதைச் சொல்ல வேண்டுமா? பாம்பனிலிருந்து வந்த ரயிலை அன்று ராத்திரி அலை அடித்துக்கொண்டு போகப்போவது முன்கூட்டியே தெரிந்த மாதிரி, காலையிலிருந்தே "மனசு என்னவோ போல இருக்கு" என்று புலம்பல் வேறு. எனக்கு ரொம்ப உறுத்துவது இதுதான்.

வசனத்தை வெட்டினால், அன்று தனுஷ்கோடியிலிருந்து இலங்கைக்குக் கப்பல் போன விஷயம் தெரியாத இளம் வாசகருக்குக் கதை பிடிபடாது. தனிப் பத்தியாக வைத்தால் பாடப்புத்தக வாடை. கஸ்டம்ஸில் பெட்டியைத் திறந்து காட்டும் கொழும்புப் பயணி ஒருவரைக் கொண்டுவரலாமா?

பழைய காலத்துக் கதை எழுதியவர்கள் இதை எப்படிச் சமாளித்தீர்கள்? அவள் கொஞ்சம் ரோஷக்காரி. பக்குவமாகச் சொல்லவும் ஒரு வழி சொல்லுங்கள்.