படபடப்பு மாத்திரையை விட்டு மீண்டவர்கள் யாராவது இருக்கீங்களா?

வணக்கம், தண்டையார்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். வீட்டிலேயே தையல் வேலை. படபடப்புக்கென்று ஆரம்பித்த அல்பிரசோலம் 0.5 மி.கி. மாத்திரை, ராத்திரிக்கு ஒன்று என்று ஆறு வருஷம் ஓடிவிட்டது. போன தை மாதம் வைராக்கியமாக ஒரேயடியாக நிறுத்தினேன். மூன்றாம் நாள் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை, கை அப்படி நடுங்கியது. தெருவில் போகிற மீன்பாடி வண்டி மண்டைக்குள்ளேயே ஓடுகிற மாதிரி இருந்தது.

டாக்டர் திட்டினார். திடீரென்று விட்டால் வலிப்புகூட வருமாம். மறுபடி ஆரம்பித்து, சில வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சமாகக் குறைத்து இப்போது 0.25-இல் நிற்கிறேன். அதைப் பிளேடால் பாதியாக்கினால் ஒரு துண்டு பெரிசு, இன்னொன்று பொடி!

வீட்டில் "பழைய பயம் திரும்பிடுச்சு" என்கிறார்கள். எனக்கென்னவோ இது மாத்திரை விடுகிற வேதனை என்றுதான் தோன்றுகிறது.

டோஸ் சொல்ல வேண்டாம், அதை டாக்டரிடமே கேட்டுக்கொள்கிறேன். டயசிபாமுக்கு (இதே வகை, உடம்பில் அதிக நேரம் நிற்கிற மாத்திரை) மாறிக் குறைத்தவர்கள் உண்டா? ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் என்ன செய்தீர்கள்? 14416 மனநல உதவி எண்ணுக்கு அந்நேரம் கூப்பிட்டுப் பேசியவர்கள் இருக்கிறீர்களா? ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி மனநல ஓபிக்கு எத்தனை மணிக்குப் போனால் சீக்கிரம் பார்க்கலாம்? கஷாயம் மட்டும் சொல்லாதீங்க அக்கா, மாமியார் ஏற்கெனவே மூன்று வகை போட்டுக் கொடுத்துவிட்டார்.