புதுப்பிப்பு: எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியின் சேர்க்கை நிலவரம்

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் முடித்துப் போனால் எங்கள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் எண்ணிக்கை 60-க்குக் கீழே இறங்கிவிடும், என்ன செய்யலாம் என்று பிப்ரவரியில் கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கவலைக்குக் காரணம் இதுதான்: 2009 கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள், 61-ஐத் தொட்டால்தான் மூன்றாமவர். ஐந்து வகுப்புகளை இரண்டு பேர் பார்ப்பது பெரும்பாடு.

நீங்கள் சொன்னபடியே முதலில் அங்கன்வாடிக்குப் போனோம். ஐந்து வயதாகும் பிள்ளைகளின் பட்டியல் கிடைத்தது. அப்புறம் பள்ளி மேலாண்மைக் குழு அம்மாக்கள் வீடு வீடாகப் போனார்கள். விடியற்காலையில் வேலைக்குக் கிளம்பும் வீடுகளில் காலை உணவுத் திட்டம்தான் பேச்சை முடித்து வைத்தது. அந்தச் சூடான உப்புமாவும் பொங்கலும் எவ்வளவு பெரிய உதவி என்று நேரில் பார்த்தேன்.

இரண்டு குடும்பங்கள் பிறப்புச் சான்றிதழ் இல்லையே என்று தயங்கின. வயதுச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. தலைமையாசிரியரே போய் விளக்கினார், இருவரும் சேர்ந்துவிட்டார்கள்.

இப்போது கணக்கு 63. ஆனால் ஆசிரியர் பணியிடம் ஆகஸ்ட் 1 எண்ணிக்கையை வைத்துத்தான் முடிவாகும். அதனால் கோடை விடுமுறையிலும் இந்த வீடுகளோடு தொடர்பில் இருக்க, தெருவுக்கு ஒருவர் பொறுப்பேற்றிருக்கிறோம்.