ஹை-எம்டி 1 ஜிபி வட்டு: லேசர் மாறாமல் அடர்த்தி கூடியது எப்படி?

கேள்வி: பழைய 80 நிமிட மினிடிஸ்க்கை (சோனியின் சிறிய காந்த-ஒளி இசை வட்டு) ஹை-எம்டியாக (அதன் பிந்தைய, கூடுதல் கொள்ளளவு வடிவம்) ஃபார்மட் செய்தால் 305 எம்பி. அதே அளவு ஹை-எம்டி வட்டில் 1 ஜிபி. இரண்டுக்கும் அதே 780 நானோமீட்டர் லேசர், லென்ஸ் 0.45 என்ஏ (ஒளியைக் குவிக்கும் திறனின் அளவு). எப்படி சார்?

பதில் 1: 305 எம்பி வந்தது குறியீட்டு முறையால்: பழைய இஎஃப்எம் குறியீட்டுக்குப் பதில் பிட்டுகளை நெருக்கமாக எழுதும் ஆர்எல்எல் (1,7), கூடவே மங்கலான சிக்னலிலிருந்தும் பிட்டைக் கணித்தெடுக்கும் பிஆர்எம்எல். வட்டின் காந்தப் படலம் பழையதுதான். 1 ஜிபி வட்டில் படலமே வேறு. லேசர் புள்ளி சுமார் 1.7 மைக்ரான், அதைவிடப் பலமடங்கு சிறிய பிட்டைச் சாதாரணமாகப் படிக்கவே முடியாது. அதற்குத்தான் டிடபிள்யூடிடி (டொமைன் சுவரை நகர்த்திப் படிக்கும் முறை): மேலே இடப்பெயர்வுப் படலம், நடுவில் கியூரி வெப்பநிலை (காந்தத்தன்மை போய்விடும் வெப்பநிலை) குறைந்த சுவிட்ச் படலம், அடியில் நினைவுப் படலம். லேசர் சூட்டில் நடுப்படலம் காந்தத்தன்மை இழந்ததும் மேல், கீழ் பிணைப்பு அறுந்துவிடும். மேலே உள்ள டொமைன் சுவர் (எதிரெதிர் காந்தத் திசை கொண்ட பகுதிகளின் எல்லை) சூடான பக்கம் ஓடி, குட்டி பிட் புள்ளிக்குள் விரிந்து நிற்கும். நினைவுப் படலத்தில் பிட் அசையாது.

பதில் 2: ஒன்று சேர்க்கிறேன். தடத்தின் இரு ஓரத்திலும் பக்கத்துத் தடத்தோடு காந்தப் பிணைப்பு இருந்தால் சுவர் நகராது. ஓரத்தைத் துண்டித்தே ஆகவேண்டும். படிக்கும் பவர் குறைந்தால் நடுப்படலம் சூடாகாது, சிக்னலே வராது. அளவுக்கு மிஞ்சினால் நினைவுப் படலத்தில் உள்ள பதிவே அழியும். இந்தக் குறுகிய இடைவெளிதான் உண்மையான சவால்.

கேட்டவர்: அப்படியானால் பழைய மினிடிஸ்க்கில் 1 ஜிபி வாய்ப்பே இல்லையா?

பதில் 1: இல்லை. அந்த வட்டில் சுவர் நகர இடப்பெயர்வுப் படலமே கிடையாது; 305தான்.