வேகமாகப் போனால் வலப்பக்கம், மெதுவாக வந்தால் இடப்பக்கம்: பால்சா ட்ரெயினர் ஏன் இப்படிச் சாய்கிறது?

பூதப்பாண்டிப் புறா:
எல்லாருக்கும் வணக்கம். பால்சா மரக் கிட் வாங்கி நானே கட்டிய முதல் ரிமோட் விமானம் இது. இதற்கு முன்னால் தெர்மோகோலில் ரெண்டு செய்து ரெண்டையும் தென்னையில் மாட்டியிருக்கிறேன், அந்தக் கதை வேண்டாம். இது ஹை விங் ட்ரெயினர், அதாவது இறக்கை உடம்புக்கு மேலே இருக்கிற, பறக்கப் பழகுகிற விமானம். இறக்கை நீளம் 1500 மி.மீ., அகலம் 240 மி.மீ., அடிப்பக்கம் தட்டை, நாலு சேனல். 1000 கே.வி. மோட்டார், 10×6 புரொப்பல்லர், மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்த 40 ஆம்பியர் இ.எஸ்.சி., 3 செல் 2200 லைப்போ பேட்டரி. எல்லாம் சேர்த்து 1400 கிராம். ஐப்பசியில் ஆரம்பித்த வேலை தை கடைசி வரை இழுத்தது.

கும்பப்பூ நெல் அறுப்பு முடிந்த வயலில் போன ஞாயிறு காலை ஆறரைக்குப் பறக்கவிட்டேன். ஓடிய வேகத்தில் நன்றாகத்தான் ஏறியது. மூக்கு மட்டும் மேலும் கீழும் ஆடியது. முழு த்ராட்டிலில், அதாவது மோட்டார் முழு வேகத்தில், வலப்பக்கம் சாய்ந்துகொண்டே போக, ஐலரான் (விமானத்தைச் சாய்க்கிற இறக்கை மடல்) ட்ரிம்மை, அதன் நடுநிலையை நகர்த்துகிற பொத்தானை, இடப்பக்கம் ஆறு கிளிக் தட்டினேன், நேரானது. அப்புறம் இறக்கலாம் என்று த்ராட்டிலைக் குறைத்துத் திருப்பினேன். திருப்பத்தில் கொஞ்சம் எலிவேட்டர் (மூக்கைத் தூக்குகிற வால் மடல்) இழுத்ததும் இடது இறக்கை டக்கென்று விழுந்து, அரைச் சுற்று சுற்றி, மூக்கு சேற்றில். சத்தம்கூடப் பெரிதாக இல்லை, பப்படம் நொறுங்கின மாதிரி. மோட்டார் மாட்டிய பிளைவுட் பலகை பிய்ந்துவிட்டது, புரொப்பல்லர் போச்சு, இறக்கைக்கு ஒன்றும் இல்லை.

எனக்குப் புரியாதது இதுதான். வலப்பக்கம் சாய்கிற விமானம் விழும்போது மட்டும் ஏன் இடப்பக்கம் விழவேண்டும்? மடலை அசைக்கிற செர்வோ பழுதா, ரிசீவரா? சொல்லுங்கள் அண்ணன்மாரே.

குளச்சல் காற்று:
தம்பி, செர்வோவை அப்புறம் பார்க்கலாம். மூக்கு மேலும் கீழும் ஆடியது என்கிறாய், பேலன்ஸ், அதாவது விமானம் சமமாகத் தொங்குகிற புள்ளி, எங்கே வைத்தாய்? இறக்கையின் முன் விளிம்பிலிருந்து எத்தனை மி.மீ.?

எடையில் தப்பு இல்லை. 1500 × 240 என்றால் 36 சதுர டெசிமீட்டர், ஒரு சதுர டெசிமீட்டருக்கு 39 கிராம் வருகிறது. ட்ரெயினருக்கு அது தாங்கும்.

பூதப்பாண்டிப் புறா:
90 மி.மீ. அண்ணே. ஒரு வீடியோவில் பார்த்து வைத்தேன்.

குளச்சல் காற்று:
அந்த வீடியோவில் இருந்தது உன் விமானமா? 240-ல் 90 என்றால் 37 சதவீதத்துக்கு மேல். பழகுகிற கைக்கு 25-லிருந்து 30 சதவீதம், அதாவது 60-லிருந்து 72 மி.மீ.க்குள் வைக்கவேண்டும். வால் கனமாக இருந்தால் எலிவேட்டர் தொட்டதற்கெல்லாம் துள்ளும், வேகம் குறைந்ததும் ஸ்டால் ஆகி, அதாவது இறக்கை தூக்குகிற சக்தியை இழந்து, விழும். ஈயம் ஒட்ட ஓடாதே, முதலில் பேட்டரியை எவ்வளவு முன்னால் தள்ளமுடியுமோ தள்ளு. மூக்கு எப்படியும் உடைந்து கிடக்கிறது, இப்போதே பேட்டரிக்கு இடம் பண்ணிக்கொள்.

மார்த்தாண்டம் மோட்டார்:
பேலன்ஸ் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வலப்பக்கச் சாய்வுக்கு அது காரணம் இல்லையே. மோட்டாரை வலப்பக்கம் திருப்பி மாட்டியிருக்கிறாயா? புரொப்பல்லர் சுற்றுகிற எதிர்விசையில் விமானம் இடப்பக்கம்தான் இழுக்கும், அதற்காக மோட்டாரை 2 டிகிரி வலப்பக்கம் திருப்பி வைப்பார்கள், அதுதான் வலது த்ரஸ்ட். நிறைய கிட்டில் அந்தப் பலகையே சாய்வாக வெட்டி வந்துவிடும். அது தெரியாமல் நாமும் இடது ஸ்க்ரூக்களுக்கு அடியில் வாஷர் போட்டால் ரெண்டு மடங்காகிவிடும். நான் அப்படித்தான் ஒரு விமானத்தை ரெண்டு மாதம் வைத்துக்கொண்டு திட்டிக்கொண்டிருந்தேன்.

தென்னமரத்து விமானி:
மக்களே, சேற்றில்தானே விழுந்தது, கொள்ளாம். என்னுடையது மூணு நாள் தென்னையில் கிடந்து, தேங்காய் வெட்ட வந்த ஆள்தான் எடுத்துத் தந்தார். கூலி தனி.

பூதப்பாண்டிப் புறா:
மார்த்தாண்டம் அண்ணே, கரெக்டாகப் பிடித்தீர்கள், வாஷர் போட்டிருந்தேன். பலகையும் சாய்வாகத்தான் இருந்திருக்கிறது.

இந்த வாரம் செய்ததைச் சொல்கிறேன். உடைந்த பலகைக்குப் பதில் 3 மி.மீ. பிளைவுட், பழைய பசையைச் சுரண்டிவிட்டு அரால்டைட் போட்டு ஒரு ராத்திரி முழுக்க விட்டேன். பழைய பலகையின் சாய்வையே அளந்து புதிதிலும் வைத்தேன், வாஷர் இல்லை. பேட்டரி மூக்குக்குள் போய்விட்டது, இப்போது 68 மி.மீ.யில் தொங்குகிறது. விழுந்த பேட்டரியின் ஒரு மூலை நசுங்கியிருந்தது, உப்பவில்லை. மண்சட்டியில் போட்டு முற்றத்தில் வைத்திருக்கிறேன், திரும்ப சார்ஜ் போடப்போவதில்லை. வேறு பேட்டரி வைத்துத்தான் இன்று காலை விட்டேன்.

மூக்கு ஆட்டம் நின்றுவிட்டது. ஆனால் ட்ரிம்மை நடுவில் வைத்தால் முழு வேகத்தில் அதே வலப்பக்கம், கொஞ்சம் குறைவு. உயரத்தில் வைத்து மெதுவாக்கிப் பார்த்தேன், அதே இடது இறக்கை விழுகிறது. இந்தத் தடவை உயரம் இருந்ததால் பிழைத்தது.

மார்த்தாண்டம் மோட்டார்:
இன்னொரு சோதனை. நல்ல உயரத்துக்குப் போ, த்ராட்டிலை முழுக்க அணைத்துவிட்டு மூக்கை லேசாகத் தாழ்த்து, வேகம் பிடிக்கட்டும், ரிமோட் குச்சியை விட்டுவிடு. மோட்டார் அணைந்த பிறகும் வலப்பக்கம் சாய்ந்தால் அது மோட்டார் வேலை இல்லை, என் வாதம் தோற்றது. நேராகப் போனால் த்ரஸ்ட்தான். ட்ரிம்மை நடுவுக்குக் கொண்டுவந்துவிட்டுச் செய், மறக்காதே.

குளச்சல் காற்று:
அதோடு இடவல எடையையும் பார்த்துவிடு. மோட்டார் தண்டில் ஒரு நூல், வாலில் ஒரு நூல், ரெண்டையும் பிடித்துத் தூக்கினால் எந்த இறக்கை தாழ்கிறது என்று தெரியும். தங்கூஸ் நூல் போதும். இடது இறக்கை கனமாக இருந்தாலும் மெதுவாக வரும்போது அந்தப் பக்கம் விழும்.

பூதப்பாண்டிப் புறா:
தொங்கவிட்டுப் பார்த்தேன், ஆடி ஆடி நேராக நின்றது. வலது நுனியில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்தால் உடனே சாய்கிறது, அதனால் எடை சமம் என்றே நினைக்கிறேன். மோட்டாரை அணைத்தும் பார்த்தேன். வலப்பக்கம் சாய்கிறது!

மார்த்தாண்டம் மோட்டார்:
அப்போ நான் வாபஸ். இறக்கையைப் பாருங்கள்.

குலசேகரம் உளி:
நான் விமானம் விடுகிறவன் இல்லை, அண்ணன் மகனுக்காக இங்கே எட்டிப் பார்க்கிறவன். தச்சு வேலை எங்கள் குடும்பத் தொழில். நீங்கள் சொல்வதைப் படித்தால் எனக்குக் கோட்டம் விழுந்த கதவு ஞாபகம் வருகிறது. நாலு மூலையும் பார்க்க ஒழுங்காக இருக்கும், சட்டத்தில் மாட்டினால் ஒரு மூலை மட்டும் வெளியே துருத்தும். கண்ணால் மட்டும் பார்த்தால் பிடிபடாது.

அப்பா பார்க்கிற முறை சொல்கிறேன். ஒரே அளவில் நேரான ரெண்டு சட்டம் எடுங்கள். இறக்கையைக் கவிழ்த்து, தட்டையான அடிப்பக்கத்தில் ஒன்றை உடம்போடு சேருகிற அடிமூட்டிலும் ஒன்றை நுனியிலும் குறுக்காக வையுங்கள். சட்டம் இறக்கையின் அகலத்தைவிட நல்ல நீளமாக இருக்கவேண்டும், அப்போதுதான் சின்னக் கோட்டமும் பெரிதாகத் தெரியும். நுனிப் பக்கம் போய் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, முன்சட்டத்தின் மேல்விளிம்பில் பின்சட்டம் எப்படித் தெரிகிறது என்று பாருங்கள். ரெண்டும் ஒரே கோடாகத் தெரிந்தால் கோட்டம் இல்லை. ஒரு பக்கம் விரிந்து தெரிந்தால் இருக்கிறது. இடது பாதிக்குத் தனியாக, வலது பாதிக்குத் தனியாகப் பாருங்கள்.

பூதப்பாண்டிப் புறா:
உளி அண்ணே, உங்கள் அப்பாவுக்கு ஒரு கும்பிடு.

கொசுவலைக் கதவுக்கு வாங்கி மிஞ்சிய அலுமினிய ஆங்கிளில் 60 செ.மீ. ரெண்டு துண்டு வெட்டி வைத்துப் பார்த்தேன். வலது பாதியில் பெரிதாக ஒன்றும் இல்லை, நுனியின் பின்விளிம்பு 1 மி.மீ. மேலே. இடது பாதியைப் பார்த்ததும் திக்கென்றது. ஆங்கிளின் முனையில் 17 மி.மீ. இடைவெளி! இறக்கை அகலத்துக்குக் கணக்குப் போட்டால் இடது நுனியின் பின்விளிம்பு கிட்டத்தட்ட 7 மி.மீ. கீழே இறங்கியிருக்கிறது, 1.7 டிகிரி. மூணு மாதம் கையில் வைத்திருந்தும் கண்ணில் படவில்லை.

எப்படி வந்தது என்றும் தெரிகிறது. இடது பாதியை ஒட்டியது ஐப்பசி அடைமழையில். ஃபெவிகால் காயாமலே மூணு மணி நேரத்தில், பலகையோடு சேர்த்துக் குத்தியிருந்த ஊசியைப் பிடுங்கி, பலகையிலிருந்து எடுத்துத் திண்ணைச் சுவரில் சாய்த்து வைத்தேன். அடுத்த பாதியை ஒட்ட அதே பலகைதானே வேண்டும். பிறகு இறக்கையை மூடுகிற, சூட்டில் சுருங்கும் பிளாஸ்டிக் ஃபிலிம் ஒட்டியபோது மேல்பக்கத்தை முழுக்கச் சூடாக்கி இழுத்துவிட்டு, அடிப்பக்கத்தை மறுநாள் செய்தேன்.

குளச்சல் காற்று:
இப்போது உன் முதல் கேள்விக்குப் பதில் தானாக வருகிறது பார். பின்விளிம்பு தாழ்ந்தால் அந்த நுனி காற்றை அதிகக் கோணத்தில் சந்திக்கும். இதற்கு வாஷ்-இன் என்று பெயர். வேகமாகப் போகும்போது இடது நுனி கூடுதலாகத் தூக்கும், அதனால் விமானம் வலப்பக்கம் சாய்கிறது. வேகம் குறைந்து எலிவேட்டரையும் இழுத்தால், ஏற்கெனவே கோணம் கூடிய அந்த நுனிதான் முதலில் ஸ்டால் ஆகும், இடப்பக்கம் விழும். எனக்கு இது முதலிலேயே உறைத்திருக்கவேண்டும், வேகத்தில் ஒரு பக்கம், மெதுவில் மறுபக்கம் என்று தலைப்பிலேயே எழுதியிருக்கிறாய். 90 மி.மீ.யைப் பார்த்ததும் புத்தி அங்கே போய்விட்டது.

சரிசெய்வது கஷ்டமில்லை. முன்பகுதி பால்சா ஷீட் மூடிய பெட்டியாக இருந்தாலும் பின்பகுதி திறந்த ரிப், வெறும் குறுக்கு விலா மரம்தானே, ஃபிலிம்தான் அதை இழுத்துப் பிடித்திருக்கிறது. ரெண்டு பேர் வேண்டும். ஒருவர் அடிமூட்டை அமுக்கிப் பிடிக்க, நுனியை எதிர்ப்பக்கம், வேண்டியதைவிட அதிகமாக முறுக்கிப் பிடி. மற்றவர் ஹீட் கன்னால் மேல் ஃபிலிமை, அப்புறம் அடி ஃபிலிமைச் சுருக்கம் போகும்வரை சூடாக்கவேண்டும். ஒரே இடத்தில் காட்டினால் ஓட்டை விழும், கை ஓடிக்கொண்டே இருக்கட்டும். சூடு ஆறும்வரை முறுக்கை விடாதே, இதில்தான் எல்லாரும் அவசரப்படுகிறார்கள். தலை காயவைக்கிற டிரையர் போதாது. ரெண்டு நுனியிலும் பின்விளிம்பு 2, 3 மி.மீ. மேலே இருக்கும்படி நிறுத்து. அப்படி இருந்தால் ஸ்டால் ஆகும்போது நுனி கடைசியில்தான் விழும், ட்ரெயினருக்கு அதுதான் வேண்டியது.

வடசேரி வைரம்:
இவ்வளவு எதற்கு? ட்ரிம்மில் சரிசெய்து கொஞ்சம் வேகமாக இறக்கினால் போதுமே.

குளச்சல் காற்று:
அறுத்த வயல் எவ்வளவு நீளம் இருக்கும் தம்பி? வரப்புக்கு முன்னால் நிற்கவேண்டாமா? ட்ரிம் சாய்வை மறைக்கும், ஸ்டாலை மறைக்காது. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று திடீரென்று தள்ளும்போது வேகம் எங்கே இருக்கும் என்று யார் கண்டது?

பூதப்பாண்டிப் புறா:
முடித்துவிட்டேன். மச்சான் ஹீட் கன் பிடிக்க, நான் முறுக்கினேன். முதல் தடவை 7 மி.மீ. கோட்டம் 4 ஆனது, மறுநாள் காலையில் பார்த்தால் திரும்ப 5. மூன்றாவது தடவை 12 மி.மீ. மறுபக்கம் முறுக்கிப் பத்து நிமிடம் பிடித்தேன், கை மரத்துப்போனது. ரெண்டு நாள் வைத்துவிட்டு ஆங்கிளில் பார்த்தேன். இடது நுனி 2 மி.மீ. மேலே, அப்படியே நிற்கிறது. வலதையும் லேசாக முறுக்கி 2 ஆக்கிவிட்டேன்.

இன்று ஆறே கால். வெள்ளம் வற்றிய வயல், மலையிலிருந்து வருகிற கொஞ்சம் காற்று. ஏற்றியதும் விமானம் இடப்பக்கம் சாய்ந்தது பாருங்கள், நெஞ்சே நின்றுவிட்டது. பிறகு பார்த்தால், சோதனை முடிந்து நானே திரும்ப வைத்த பழைய ஆறு கிளிக் ட்ரிம் அப்படியே கிடக்கிறது! நடுவுக்குக் கொண்டுவந்ததும் குச்சியை விட்டாலும் நேராகப் போனது. உயரத்தில் த்ராட்டிலை அணைத்து எலிவேட்டரை முழுக்க இழுத்தேன். மூக்கு தாழ்ந்தது, எந்த இறக்கையும் விழவில்லை. நாலு தடவை செய்தேன், நாலும் அப்படித்தான். ஐந்தாவதுக்கு ஒரு பருந்து வந்து கூடவே வட்டமிட்டது, இறக்கிவிட்டேன்.

மார்த்தாண்டம் மோட்டார்:
பருந்து வந்தால் இறக்குவதுதான் சரி. சுசீந்திரம், தேரூர் குளத்துப் பக்கம் கொண்டுபோகவே போகாதே, அது பறவைச் சரணாலயம். புது இடத்துக்குப் போனால் டிஜிட்டல் ஸ்கை என்கிற அரசு ட்ரோன் வரைபடத்தில் பச்சை மண்டலமா என்று பார்த்துக்கொள், பச்சையிலும் 120 மீட்டருக்கு மேல் ஏற்றாதே.

பூதப்பாண்டிப் புறா:
சரி அண்ணே. கடைசியாக ஒன்று: இறக்கையில் கறுப்பு ஃபிலிம்தான் ஒட்டியிருக்கிறேன், சித்திரை வெயிலில் காருக்குள் வைத்தால் மறுபடி கோணுமா?

குளச்சல் காற்று:
கோணும். ஃபிலிம் தொய்ந்து, மர நுனி தன் இஷ்டத்துக்குப் போகும். வேட்டி போட்டு மூடி, நிழலில் படுக்கவைத்து வை. சுவரில் சாய்க்காதே, உனக்குச் சொல்லவேண்டியதில்லை.

குலசேகரம் உளி:
அந்த ரெண்டு ஆங்கிளையும் தூரப் போட்டுவிடாதீர்கள். கதவுக்கும் ஆகும்.