கல்லடி வீட்டு ஹோலுக்குத் திறந்த மர றாக்கையா, கண்ணாடிச் சோகேஸா?

கல்லடிக்காரி:
எங்கள் வீடு மட்டக்களப்புக் கல்லடியில், கடற்கரைக்கு நடந்தே போகலாம். ஹோலில் பத்தடிச் சுவர் ஒன்று வெறுமையாகக் கிடக்கிறது. 43 அங்குல ரீவி, அப்பாவின் பழைய அம்பிளிஃபயர், இரண்டு ஸ்பீக்கர், அவர் சேர்த்து வைத்த இருநூறுக்குக் கிட்டிய கசெட்டுகள், புத்தகங்கள், வெண்கலக் குத்துவிளக்கு, குடும்பப் படங்கள் எல்லாம் அதில் வர வேண்டும். தனித்தனிப் பகுதியாகச் செய்து, போல்ட் போட்டுப் பூட்டி, வேண்டியபோது கழற்றி மாற்றக்கூடிய திறந்த றாக்கைதான் என் விருப்பம். அம்மா கண்ணாடிக் கதவு வைத்த சோகேஸ்தான் வேண்டும் என்று நிற்கிறார். அடுத்த கிழமை மரவேலை செய்யும் ஓடாவியிடம் சொல்ல வேண்டும். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஆரையம்பதி அக்கா:
தங்கச்சி, அம்மா சொல்வதைக் கேளுங்கள். நான் திறந்த றாக்கையோடு ஆறு வருடம் பாடுபட்டவள். கச்சான் காற்று வீசும் வறண்ட மாதங்களில் காலையில் துடைத்த தட்டில் பின்னேரம் விரலால் பெயர் எழுதலாம். வெறும் தூசி என்றால் துடைத்துவிட்டுப் போகலாம், கடற்கரை வீட்டில் அந்தத் தூசிக்குள் உப்பும் கிடக்கும். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே தண்ணீரை இழுத்துக் கசியும். மாரியில் குசினி உப்புப் போத்தலைப் பார்த்தாலே தெரியும். அந்தக் கசிவு அம்பிளிஃபயரின் காற்றுத் துளைக்குள் இறங்கினால் என்னவாகும்? என் வீட்டு ஸ்பீக்கர் வயர் முனையெல்லாம் பச்சை பிடித்து, ஒரு பக்கம் சத்தமே வராமல் போனது. பல்லி எச்சம் வேறு. குத்துவிளக்கைக் கிழமைக்கு ஒருமுறை புளி போட்டு மினுக்க வேண்டியிருந்தது.

ஓடாவி மகன், ஏறாவூர்:
அக்கா சொல்கிற உப்பு உண்மை. ஆனால் கண்ணாடிக் கதவு தூசியை மறிக்குமே தவிர ஈரத்தை மறிக்காது. கார்த்திகை, மார்கழியில் உள்ளே போன ஈரம் கதவுக்குப் பின்னால் அப்படியே நிற்கும், காற்று ஓடாத இடத்தில்தான் பூஞ்சணம் பிடிக்கும். திறந்த தட்டில் இருக்கிற அம்பிளிஃபயரைத் தினமும் ஒரு மணித்தியாலம் போட்டாலே அதன் சொந்தச் சூடு அதை உலர்த்திவிடும். மூடிய பெட்டிக்குள் அதே சூடு வெளியேற வழியில்லாமல் உள்ளிருக்கும் பாகங்களைத்தான் வாட்டும்.

எனக்கு அதைவிடப் பெரிய பயம் கறையான். வாப்பாவோடு செங்கலடியில் ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போனபோது பழைய சோகேஸ் ஒன்றைச் சுவரிலிருந்து இழுத்தோம். முன்பக்கம் வார்னிஷ் அப்படியே மினுங்கியது. பின்பலகையில் கை வைத்ததும் கடதாசி மாதிரிக் கிழிந்தது. சுவரில் பென்சில் தடிப்பில் மண்குழாய் மூன்று, நிலத்திலிருந்து மேல்தட்டு வரைக்கும். எத்தனை வருடமாக ஏறியதோ, அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. பின்பலகை இல்லாத றாக்கை என்றால் சுவர் கண்ணுக்கு முன்னால் இருக்கும், மண்குழாய் ஒரு சாண் ஏறும்போதே தட்டிவிடலாம். எங்கள் ஊர்களில் திறந்த றாக்கை வேண்டும் என்று நான் சொல்வது முதலில் இதற்காகத்தான், அழகு பிறகு.

வாவிக்கரை:
கறையான் விஷயம் சரி நானா. ஆனால் இந்தக் கழற்றிப் பூட்டும் தளபாடத்தில் எனக்கு நம்பிக்கையே இல்லை. 2011 ஜனவரி வெள்ளத்தில் எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். கடையில் வாங்கிப் பூட்டிய ரீவி ஸ்டாண்ட் அடியிலிருந்து பாண் மாதிரி ஊதி, ஸ்க்ரூ ஆணி எல்லாம் தானாகக் கழன்றன. அதே அறையில் அம்மம்மாவின் முதிரை அலுமாரியும் நின்றது. வெயிலில் காயப்போட்டு, மறுகா ஒரு பொலிஷ். இன்றைக்கும் நிற்கிறது. ஒரே கட்டாக, பொருத்து வெட்டி இறுக்கிச் செய்த சாமான்தான் நிலைக்கும்.

ஓடாவி மகன், ஏறாவூர்:
தம்பி, உங்கள் வீட்டில் ஊதினது சிப்போட். மரத்தூளைப் பசை போட்டு அழுத்திய பலகை அது. வெட்டு விளிம்பால் தண்ணீர் குடித்தால் திரும்பப் பழைய தடிப்புக்கு வராது. குற்றம் பலகையில், கழற்றிப் பூட்டுவதில் இல்லை. தேக்கிலோ முதிரையிலோ பகுதி பகுதியாகச் செய்து போல்ட் போட்டால், தண்ணீர் ஏறும் என்று அறிவித்த அன்றே இரண்டு பேர் கழற்றிக் கட்டிலுக்கு மேல் அடுக்கலாம். அம்மம்மாவின் அலுமாரியை அப்படித் தூக்க முடிந்ததா?

அக்கரைப்பற்றுப் பொடியன்:
நான் உள்ளக வடிவமைப்புப் படிக்கிறேன். டென்மார்க்கில் போல் கடோவியஸ் 1948 இல் செய்த ரோயல் சிஸ்டம் இந்தப் பேச்சுக்குப் பொருந்தும். சுவரில் நெடுக்காக மரச் சட்டங்களைப் பூட்டி, தட்டுகளையும் பெட்டிகளையும் அதில் கொளுவிவிடுவது. நிலத்தில் கால் படாது. வெள்ளத்துக்கும் நிலம் கழுவுவதற்கும் அதைவிட வசதி எது?

வாவிக்கரை:
தம்பி, உங்கள் சுவர் எதனால் கட்டியது என்று முதலில் பாருங்கள். இங்கே பாதி வீடுகள் சீமெந்துக் கல், சில கற்கள் உள்ளே பொள்ளல். துளை போட்டால் மணலாகக் கொட்டும். ஒரு மீற்றர் நீளத்துக்குப் புத்தகம் அடுக்கினால் முப்பது கிலோவுக்குக் குறையாது. அதைச் சுவரில் தொங்கவிடச் சொல்கிறீர்களா?

அக்கரைப்பற்றுப் பொடியன்:
சரி அண்ணே, பொள்ளல் கல் என்றால் தொங்கவிடக் கூடாது, ஒத்துக்கொள்கிறேன். நிலத்தில் நிற்கட்டும். மேல்முனையை மட்டும் கொங்கிரீட் பீமில் பூட்டினால் போதும்.

ஆரையம்பதி அக்கா:
அந்தப் பூட்டை யாரும் விடாதீர்கள். திறந்த தட்டு சின்னப் பிள்ளைக்கு ஏணிதான். என் பேரன் இரண்டு வயதில் மூன்றாம் தட்டு வரைக்கும் ஏறி நின்றான். றாக்கை சுவரோடு பூட்டியிருந்ததால்தான் ரீவியோடு சேர்ந்து அவன் மேல் சரியவில்லை. அந்த நாளை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு பதறுகிறது.

கல்லடிக்காரி:
உங்கள் எல்லோருடைய பதிவையும் வாசித்துவிட்டு, கசெட்டுகள் இப்போது இருக்கிற பழைய கண்ணாடி அலுமாரியைத் திறந்து பார்த்தேன். திறந்ததும் புளித்த வாடை. ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். கசெட்டின் நடுவில் இருக்கும் சின்னச் சாளரத்துக்குள், சுற்றிய நாடாவின் விளிம்பில் மா தூவினது மாதிரி வெள்ளைப் பூஞ்சணம். பின்வரிசையில் முப்பத்தேழு கசெட்டுகள் அப்படி. மேலே அப்பாவின் கையெழுத்தில் நீல மையில் பாட்டு விபரம் தெளிவாக இருக்கிறது. அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

ஆரையம்பதி அக்கா:
பாவம் தங்கச்சி. அந்த முப்பத்தேழையும் இப்போதைக்குப் பிளேயரில் போடாதீர்கள், நாடா உரசுகிற ஹெட்டில் ஒட்டி நல்ல கசெட்டுக்கும் பரவும். மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள். கசெட்டுக்குத் திறந்த தட்டுத்தான் சரி, இதில் நான் விட்டுக்கொடுக்கிறேன். வெண்கலத்துக்கும் படங்களுக்கும் கண்ணாடிதான் என்பதில் மாற்றமில்லை. படத்துக்குப் பின்னால் ஈரம் போனாலும் முன்னால் உப்புத் தூசி தேய்ந்தாலும் பழுதுதான், துடைக்கிற கை குறைந்தால் நல்லது.

வாவிக்கரை:
நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன். திறந்ததோ மூடியதோ, தட்டின் நீளத்தைப் பாருங்கள். அதே பலகையில் அடிக்கு அதே பாரம் வைத்து, இரண்டடித் தட்டை நாலடி ஆக்கினால் நடுவில் தொய்வு பதினாறு மடங்கு. ரீவிக்கு மூன்றடிக்கு மேல் இடம் வேண்டும், ஆனால் அது பத்துக் கிலோ அளவுதான், தாங்கும். புத்தகத் தட்டை மட்டும் இரண்டரை அடிக்கு மேல் விடாதீர்கள். முக்கால் அங்குலப் பலகைக்குப் பதில் ஒரு அங்குலம் போட்டால் விறைப்பு இரண்டு மடங்குக்கும் மேல் கூடும்.

ஓடாவி மகன், ஏறாவூர்:
தம்பியின் கணக்கு சரி. அதோடு தட்டின் முன்விளிம்பில் கீழ்நோக்கி ஒன்றரை அங்குலப் பட்டை ஒட்டச் சொல்லுங்கள். பக்கப் பலகையில் 32 மில்லிமீற்றர் இடைவெளியில் வரிசையாகத் துளை போட்டால் தட்டை ஏற்றி இறக்கலாம். ஐரோப்பியத் தொழிற்சாலை அலுமாரிகளில் இருக்கிற அளவு அது. முதலில் ஒரு கட்டைத் துண்டில் துளை போட்டு அதை அச்சாக வைத்தால் வரிசை பிசகாது. போல்ட் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான். இரும்பு போட்டால் கடற்காற்றில் துரு பிடித்து மரத்தில் கறை இறங்கும்.

இன்னொன்று தங்கச்சி. கச்சான் காலத்தில் செய்கிற மரச் சாமான் மாரியில் அகலத்தில் ஊதும். கண்ணாடிப் பெட்டியும் ஒன்று வைப்பதாக இருந்தால் கதவுக்கு இரண்டு மில்லிமீற்றர் விட்டுச் செய்யச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் தை மாதம் திறக்க வராது.

கல்லடிக்காரி:
நன்றி எல்லோருக்கும். அம்மாவோடு இருந்து கடதாசியில் கீறினோம். நாலு பகுதி. மூன்று திறந்தது, பின்பலகை இல்லை, சுவரிலிருந்து மூன்று அங்குலம் தள்ளி, மேலே பீமில் பூட்டு. நாலாவது அம்மாவின் கண்ணாடிப் பெட்டி, குத்துவிளக்குக்கும் படங்களுக்கும். அதையும் சுவரிலிருந்து தள்ளித்தான் வைக்கப் போகிறோம். கசெட்டுகள் ரீவிக்கு வலப்பக்கம், அப்பா இருக்கிற கதிரையிலிருந்து கை எட்டுகிற உயரத்தில். நானா, உங்கள் பக்கம் தேக்குப் பலகை காய்ந்ததாகக் கிடைக்குமா? சனிக்கிழமை ஏறாவூர் வரலாம் என்று இருக்கிறோம்.