டி கம்பி மட்டும் அம்ப்பில் கேட்கவில்லை: அக்கூஸ்ரிக் பேஸ், உதவி தேவை

குருநகர் பேஸ்:
வணக்கம். என்னிடம் நாலு கம்பி அக்கூஸ்ரிக் பேஸ் கிற்றார் ஒன்று இருக்கிறது. சாடிலுக்கு (கம்பிகள் மேலே ஏறி நிற்கும் சிறு துண்டுக்கு) அடியில் பீசோ பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பட்டி), பக்கப் பலகையில் பிரீஅம்ப் (அந்த மின்சாரத்தை அம்ப்புக்கு ஏற்றபடி கூட்டும் கருவி), 9 வோல்ட் பற்றரி. கோவில் பாடகர் குழாமில் வாசிக்கிறேன். மாரி தொடங்கியதிலிருந்து டி கம்பியின் சத்தம் அம்ப்பில் பாதியாகிவிட்டது. இ, ஏ இரண்டும் முழங்குகின்றன, ஜி பரவாயில்லை. வயரைக் கழற்றிவிட்டு வாசித்தால் நாலும் ஒரே அளவு. பற்றரியும் கம்பிகளும் புதிது. ஒரு கடையில் காட்டியபோது பிக்கப்பை மாற்ற வேண்டும், கொழும்பிலிருந்து எடுப்பிக்க வேண்டும் என்றார்கள். நத்தார் ஒத்திகை தொடங்கிவிட்டது. மாற்றத்தான் வேண்டுமா?

சவுண்ட்காரன்:
பிரீஅம்ப்பின் ஈக்யூவில் (தாழொலி, நடுவொலி, உயரொலியைத் தனித்தனியே ஏற்றி இறக்கும் குமிழ்களில்) தாழொலியைக் குறைத்து நடுவொலியைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள். கொம்பிரெசர் (பெரிய சத்தத்தையும் சிறிய சத்தத்தையும் நெருக்கிக் கொண்டுவரும் கருவி) இருந்தால் அதையும் போடலாம். நான் மிக்சரில் நின்றால் அதைத்தான் செய்வேன். கலியாண வீட்டில் ஒருவரும் கண்டுபிடிக்கமாட்டார்கள்.

பழைய கிற்றார்:
தம்பி, காசைக் கையில் வைத்திருங்கோ. பற்றரி இறங்கினால் நாலு கம்பியும் சேர்ந்துதான் நலியும். வயர் இல்லாமல் சமமாகக் கேட்கிறபடியால் கம்பியிலும் பிழை இல்லை. மிஞ்சுவது சாடிலும் பீசோவும் தொடுகிற இடம்.

சவுண்ட்காரன் கோபிக்கக் கூடாது, ஈக்யூ இதற்கு உதவாது. திறந்த டி-யை அடியுங்கள், பிறகு ஏ கம்பியை ஐந்தாம் ஃபிரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளில் ஐந்தாவதில்) அமுக்கி அடியுங்கள். இரண்டும் ஒரே சுரம், ஏறக்குறைய 73 ஹேர்ட்ஸ். ஈக்யூவுக்கு எது எந்தக் கம்பியிலிருந்து வருகிறது என்று தெரியாது. ஏற்றினால் இரண்டும் ஏறும், இறக்கினால் இரண்டும் இறங்கும்.

பீசோ அழுத்தத்தைத்தான் மின்சாரமாக மாற்றுகிறது. கம்பி சாடிலை அமுக்க வேண்டும், சாடிலின் அடி பீசோவை அமுக்க வேண்டும். நாலு கால் மேசையில் ஒரு கால் கட்டையாக இருந்தால் என்ன நடக்குமோ அதுதான் இங்கும்: கடதாசித் தடிப்பளவு இடைவெளி இருந்தாலே அந்த இடத்துக் கம்பி நலிந்துவிடும். மாரி ஈரத்தில் மேற்பலகை ஊதி, சாடிலைத் தாங்கும் பிரிட்ஜும் லேசாக வளையும். சாடில் வளையாது. முன்பு தெரியாமல் கிடந்த மேடுபள்ளம் அப்போது தெரிய வரும்.

அம்ப்பை மெதுவாக வைத்து, பென்சிலின் ரப்பர் முனையால் சாடிலின் மேல் ஒவ்வொரு கம்பிக்குப் பக்கத்திலும் தட்டிப் பாருங்கள். டி-க்குப் பக்கத்தில் மட்டும் மந்தமாகக் கேட்டால் சந்தேகமே இல்லை. பிறகு வயரைக் கழற்றி, கம்பிகளை நன்றாகத் தளர்த்தி, சாடிலின் எந்த முனை இ பக்கம் என்று பென்சிலால் குறித்துவிட்டு வெளியே எடுங்கள். குறட்டால் பிடிப்பதென்றால் துணி சுற்றிக்கொள்ளுங்கள். கீழே கிடக்கும் பீசோவை மட்டும் இழுக்க வேண்டாம். சில பிக்கப்புகளில் கம்பிக்கு ஒன்றாகத் தனித்தனிப் படிகங்கள் இருக்கும், பட்டி நகர்ந்தால் படிகமும் கம்பிக்கு நேரே நிற்காது.

குருநகர் பேஸ்:
அண்ணை, தட்டிப் பார்த்தேன், டி பக்கம் மந்தம்தான். சாடிலை எடுக்கவே பெரிய பாடாகிவிட்டது, அவ்வளவு இறுக்கம். சாடில் இருந்த காடிக்குள் (பள்ளத்துக்குள்) மரத்தூள் கட்டியாக இருந்தது. சாடிலின் அடியில் இரும்பு ரூலரை வைத்து வெளிச்சத்தில் பிடித்தால், டி வருகிற இடத்தில் வெளிச்சம் தெரிகிறது. இனி?

பழைய கிற்றார்:
காரணம் கையில் வந்துவிட்டது. மரத்தூளை மெல்லிய பிரஷால் தட்டி எடுங்கள், ஊசியால் குத்திக் கிளற வேண்டாம். தடித்த கண்ணாடித் துண்டின் மேல் 320 இலக்க சாண்ட் பேப்பரை ஒட்டுங்கள். சாடிலின் அடியில் பென்சிலால் கிறுக்கிவிட்டு, நேரான மரக்கட்டை ஒன்றோடு அணைத்து நிமிர்த்திப் பிடித்து, ஒரே திசையில் தேயுங்கள். கிறுக்கல் முழுக்க அழிந்ததும் நிறுத்திவிடுங்கள். கூடத் தேய்த்தால் கம்பி தாழும்: சாடிலில் 1 மில்லிமீற்றர் போனால் 12ஆம் ஃபிரெட்டில் ஏறக்குறைய அரை மில்லிமீற்றர் இறங்கும்.

இறுக்கத்தையும் விடக் கூடாது. காடிச் சுவர் சாடிலைக் கவ்விப் பிடித்தால் கம்பியின் பாரம் பீசோவுக்கு முழுதாகப் போகாது. சாடிலின் இரண்டு பக்கத்தையும் கொஞ்சம் தேயுங்கள். விரலால் இழுக்க வர வேண்டும், ஆனால் ஆடக் கூடாது. காடியைக் கத்தியால் அகலமாக்க நினைக்கவே வேண்டாம். இவ்வளவும் செய்து டி இன்னும் நலிந்தால் காடியின் தரைதான் சமமில்லை. நத்தார் முடியும்வரை அந்த இடத்தில் ஒரு கடதாசிக் கீற்றை வைத்துச் சமாளிக்கலாம். பிறகு காடியைச் சமன் செய்ய வேண்டும், அது கை பழகியவரின் வேலை.

குருநகர் பேஸ்:
கடதாசி தேவைப்படவில்லை, டி வந்துவிட்டது! ஏ-யின் ஐந்தாம் ஃபிரெட்டும் திறந்த டி-யும் இப்போது ஏறக்குறைய ஒரே அளவு. ஆனால் இ கம்பியைப் பலமாக அடித்தால் முதல் ஃபிரெட்டுகளில் லேசாகக் கிறுகிறுக்கிறது. முன்பு இல்லை.

பழைய கிற்றார்:
அது தேய்த்ததால் இறங்கிய உயரம். சாடிலின் முழு நீளத்துக்கும் ஒரே தடிப்பில் மெல்லிய மரச் சீவலை அடியில் வைத்தால் சரியாகும். துண்டு துண்டாக வைக்காதீர்கள், மறுபடியும் ஒரு கம்பி நலியும். அல்லது, பிரார்த்தனைப் பாட்டுத்தானே, இ-யைக் கொஞ்சம் மெதுவாக அடியுங்கோ.

சவுண்ட்காரன்:
சரி, இந்த ஞாயிறு ஈக்யூ நடுவில் நிற்கும். வாசித்து முடிந்ததும் வயரைக் கிற்றாரிலிருந்து கழற்றிவிடுங்கள். செருகியபடியே விட்டால் பிரீஅம்ப் ஓடிக்கொண்டே இருக்கும், பற்றரி வீணாக இறங்கும்.